முதல் பாடத்தை யாருடைய குரலில் தொடங்குவது? அமெரிக்கக் கறுப்பின வீடுகளில் வரலாற்று வகுப்பு

அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்போடு உயர்நிலைப் பள்ளிக் கல்வி தொடங்குகிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் குடும்பங்களுக்கு அந்த ஆண்டு ஒரு திருப்பம். அதுவரை கதைகளாகவும் படங்களாகவும் சொல்லிவந்த வரலாற்றை இனி முறையான பாடமாக நடத்தியாக வேண்டும். எந்த நூல், எந்தக் காலத்திலிருந்து, எந்த வரிசையில், தேர்வு எப்படி என அனைத்தையும் பெற்றோரே முடிவுசெய்கின்றனர். கறுப்பினக் குடும்பங்களுக்கோ இந்த முடிவு இன்னும் கனமானது. தம் மூதாதையரைச் சந்தையில் விற்ற ஒரு நாட்டின் வரலாற்றை, அம்மூதாதையரின் வழிவந்த பதினான்கு வயதுப் பிள்ளைக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

இந்தக் கேள்வி நமக்கும் உரியது. ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டோரின் பிள்ளைகள் ஊர்க்காரர்கள் எழுதிய வரலாற்றைப் படித்தே தேர்ச்சி பெறுகின்றனர். ஆகவே, கறுப்பினக் குடும்பங்கள் வீட்டில் வரலாற்று வகுப்பைத் தொடங்கும் முறையையும், அதற்குப் பின்னுள்ள காரணங்களையும், அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக் கூடியதையும் கூடாததையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

சட்டம் தரும் சுதந்திரமும் அதன் மறுபக்கமும்

ஹோம்ஸ்கூலிங் எனப்படும் வீட்டுவழிக் கல்வி, 1993-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் சட்டப்படி ஏற்கப்பட்டுவிட்டது. ஆயினும் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. டெக்சாஸில் அரசுக்கு அறிவிக்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை. அங்கு வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணிதம், நற்குடிமை ஆகிய ஐந்தும் கற்பிக்கப்பட வேண்டும். வரலாறு என்ற பெயர் அப்பட்டியலில் இல்லை. நியூயார்க்கிலோ ஆண்டுத் திட்டத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். காலாண்டு அறிக்கை அனுப்ப வேண்டும். ஆண்டிறுதியில் மதிப்பீடும் உண்டு. உயர்நிலை வகுப்புகளில் அமெரிக்க வரலாறு அங்கே கட்டாயப் பாடம்.

உயர்நிலை வகுப்பில் ஒரு பாடத்தை முடித்தமைக்கு 'கிரெடிட்' என்னும் அலகு வழங்கப்படுகிறது. வழக்கமாக ஓராண்டில் ஏறத்தாழ 120 மணி நேரப் படிப்பு ஓர் அலகாகக் கொள்ளப்படும். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு இந்தக் கணக்கை வைத்திருந்து, மதிப்பெண் பட்டியலைத் தயாரித்துக் கல்லூரிக்கு அனுப்புவோர் பெரும்பாலும் பெற்றோரே. பாடநூல் குழு, ஆசிரியர், தேர்வாளர் ஆகிய மூவரின் பொறுப்பும் ஒரே குடும்பத்தின் தோளில் வந்து சேர்கிறது.

இச்சுதந்திரம் எல்லோருக்கும் பொதுவானது என்பதை மறந்துவிடலாகாது. 1980-களில் வீட்டுவழிக் கல்வி வேகமாகப் பரவியபோது அதன் முன்னணியில் நின்றோர் வெள்ளையினப் பழமைவாதக் கிறித்தவக் குடும்பங்கள். அவர்களுக்கென உருவான பாடநூல் சந்தையில், அடிமைமுறையின் கொடுமையை மென்மையாக்கிச் சொல்லும் நூல்களும் விற்பனையாயின என்ற விமர்சனம் நெடுங்காலமாக உண்டு. அரசின் கண்காணிப்பு குறைந்த இடத்தில் ஒடுக்கப்பட்டவர் தம் வரலாற்றைச் சொல்லிக்கொள்ளலாம்; ஒடுக்கியவரும் தமக்கேற்ற வரலாற்றைத் தம் பிள்ளைகளுக்குத் தடையின்றிக் கடத்தலாம்.

பள்ளிக்குள் நுழையப் போராடியோர் ஏன் வெளியேறுகின்றனர்?

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகத்தின் ஆய்வின்படி, 2020 வசந்த காலத்தில் பிள்ளைகளை வீட்டில் படிக்கவைத்த கறுப்பினக் குடும்பங்கள் 3.3 விழுக்காடு. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் அது 16.1 விழுக்காடாக உயர்ந்தது. நாடு முழுமைக்குமான உயர்வு 5.4-லிருந்து 11.1 விழுக்காடு. பெருந்தொற்று இதில் பெரும்பங்கு வகித்தது உண்மை. ஆனால் எல்லோரையும் தாக்கிய ஒரு தொற்று, கறுப்பினக் குடும்பங்களில் மட்டும் இந்த விகிதத்தை ஏறத்தாழ ஐந்து மடங்காக்கியது ஏன் என்பதற்கு வேறு காரணங்களையும் தேட வேண்டியுள்ளது.

1954-இல் பிரவுன் வழக்கின் தீர்ப்பு பள்ளிகளில் நிறப் பாகுபாட்டைச் சட்டவிரோதமாக்கியது. 1957-இல் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் படைவீரர்களின் காவலோடுதான் பள்ளிக்குள் நுழைய முடிந்தது. இவ்வளவு விலை கொடுத்து நுழைந்த பள்ளியிலிருந்து அம்மக்களில் ஒரு பகுதியினர் இன்று விலகுவது முரணாகத் தோன்றலாம். பள்ளியின் கதவு திறந்ததே தவிர, உள்ளே இருந்த பாடநூலும் தண்டனை முறையும் அதே வேகத்தில் மாறவில்லை என்பதே அவர்கள் தரும் விடை.

அண்மைச் சான்றுகள் பல. 2015-இல் டெக்சாஸ் பள்ளிகளில் பயன்பட்ட மெக்ரா-ஹில் நிறுவனத்தின் புவியியல் நூல், ஆப்பிரிக்காவிலிருந்து கடத்திவரப்பட்டோரைத் 'தொழிலாளர்கள்' எனக் குறிப்பிட்டது. அதுவும் குடிப்பெயர்வு பற்றிய பகுதியில். தாமாகப் பிழைக்க வந்தோரையும் சங்கிலியில் கொண்டுவரப்பட்டோரையும் ஒரே வரிசையில் வைத்த அந்தச் சொல்லை ஒரு மாணவர் தம் தாய்க்குக் காட்ட, தாய் அதை வெளியுலகுக்குக் கொண்டுவந்தார். நிறுவனம் தவற்றை ஒப்புக்கொண்டு திருத்தியது. 2021-இல் ஓக்லஹோமா, இனம் குறித்து வகுப்பில் பேசுவதற்கு வரம்பிடும் சட்டத்தை இயற்றியது. 2023 தொடக்கத்தில் புளோரிடா, ஆப்பிரிக்க அமெரிக்க ஆய்வுகள் குறித்த உயர்நிலைப் பாடத்தை ஏற்க மறுத்தது. அதே ஆண்டு அம்மாநிலம் வெளியிட்ட பாடத்தரங்களில், அடிமைகள் கற்ற தொழில்திறன்கள் சில வேளைகளில் அவர்களுக்கே பயன்பட்டன எனக் கற்பிக்கும் விளக்கம் இடம்பெற்றுக் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது.

பாடநூலை அளந்த கோல்

இவை திடீரென முளைத்தவை அல்ல. தென் கரோலினா 1740-ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலம் அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 1831-இல் நாட் டர்னர் தலைமையில் எழுந்த கிளர்ச்சிக்குப் பின் தென் மாநிலங்கள் பலவற்றில் இத்தகைய தடைகள் மேலும் இறுகின. எழுத்தறிவு தடுக்கப்பட்டவர்களின் வரலாற்றை, தடுத்தவர்களே எழுதினர்.

உள்நாட்டுப் போரில் தோற்ற தென் மாநிலங்களின் வெள்ளையினப் பெண்கள் 1894-இல் ஓர் அமைப்பைத் தொடங்கினர். கூட்டமைப்பு மகளிர் சங்கம் என அதைத் தமிழில் சொல்லலாம். அதன் வரலாற்றுப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றிய மில்ட்ரட் ரூதர்போர்டு, பாடநூல்களை மதிப்பிட ஓர் 'அளவுகோல்' வகுத்துச் சிறுநூலாக வெளியிட்டார். அடிமை உடைமையாளரைக் கொடியவர் எனச் சொல்லும் நூலைத் தள்ளிவிட வேண்டும் என்பது அதிலிருந்த விதிகளுள் ஒன்று. தென் மாநிலங்களின் பள்ளிகளும் நூலகங்களும் இக்கோலால் அளக்கப்பட்டன. போரில் தோற்றவர்கள் பாடநூலில் வெல்ல முயன்றனர். பல தலைமுறைகளுக்கு வெல்லவும் செய்தனர்.

இதற்கு எதிர்வினையும் அக்காலத்திலேயே எழுந்தது. அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்த கார்ட்டர் உட்சன் 1926-இல் கறுப்பர் வரலாற்று வாரத்தைத் தொடங்கினார். இன்றைய கறுப்பர் வரலாற்று மாதத்தின் வேர் அது. கறுப்பினப் பிள்ளைக்குத் தன்னைத் தாழ்வாக எண்ணக் கற்றுத்தரும் கல்வியைத் 'தவறான கல்வி' எனப் பெயரிட்டு 1933-இல் அவர் ஒரு நூலே எழுதினார். 1935-இல் டு பாய்ஸ், அடிமை ஒழிப்புக்குப் பிந்தைய மறுகட்டமைப்புக் காலத்தைப் பற்றிய தம் பெருநூலின் இறுதி அதிகாரத்தில், அன்றைய பள்ளிப் பாடநூல்கள் அக்காலத்தை எப்படிப் பொய்யாகச் சித்திரித்தன என்பதை எடுத்துக்காட்டினார். வீட்டில் வரலாற்று வகுப்பைத் தொடங்கும் கறுப்பினப் பெற்றோர் இந்த மரபின் வாரிசுகள்.

வகுப்பு எப்படி அமைகிறது?

கவனத்துடன் அமைக்கப்படும் ஒரு பாடத்திட்டம் இரு பகுதிகளைக் கொண்டிருக்கும். ஒன்று, காலவரிசையைத் தரும் ஒரு பொது வரலாற்று நூல். அது இல்லாவிட்டால் பிள்ளைக்கு நிகழ்வுகள் சிதறிக் கிடக்கும். மற்றொன்று, அந்நூலோடு ஒப்பிட்டுப் படிக்க வேண்டிய முதன்மைச் சான்றுகள். எதை முதலில் வைப்பது என்பதில்தான் வேறுபாடு பிறக்கிறது. வழக்கமான வகுப்பு பாடநூலில் தொடங்கி, நேரமிருந்தால் சான்றுக்குப் போகும். இங்கோ வாக்குமூலத்தில் தொடங்கிப் பாடநூலுக்கு வருகின்றனர்.

இதற்கான மூலங்கள் பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கின்றன. பிரெடரிக் டக்ளஸ் 1845-இலும் ஹாரியட் ஜேக்கப்ஸ் 1861-இலும் தம் அடிமை வாழ்வைத் தாமே எழுதி வெளியிட்டனர். 1936 முதல் 1938 வரை அரசின் எழுத்தாளர் திட்டத்தின் கீழ், முன்னர் அடிமைகளாயிருந்த முதியோரைத் தேடிச் சென்று பதிவுசெய்த 2,300-க்கும் மேற்பட்ட வாக்குமூலங்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உள்ளன. விடுதலைக்குப் பின், விற்கப்பட்டுப் பிரிந்துபோன தாயையும் பிள்ளைகளையும் உடன்பிறந்தோரையும் தேடிக் கறுப்பின மக்கள் நாளிதழ்களில் கொடுத்த விளம்பரங்களும் திரட்டப்பட்டுள்ளன. தாயின் பெயர், விற்றவரின் பெயர், கடைசியாகக் கண்ட ஊர் என நான்கைந்து வரிகளுக்குள் முடியும் விளம்பரங்கள் அவை. அவற்றில் ஒன்றைப் படித்த பிள்ளைக்கு, 'தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டனர்' என்ற பாடநூல் வரியின் பொய்யை யாரும் விளக்க வேண்டியதில்லை.

வாக்குமூலத்தை அப்படியே நம்பும் பயிற்சியாகவும் இது இருத்தல் ஆகாது. 1930-களின் பதிவுகளை எடுத்தோருள் பெரும்பாலோர் வெள்ளையினத்தவர். நிறப் பாகுபாட்டுச் சட்டங்கள் நடப்பிலிருந்த தென்மாநிலத்தில், வறுமையில் வாடிய எண்பது வயது முதியவர் ஒருவர் தம் வாசலில் நிற்கும் வெள்ளையினத்தவரிடம் எவ்வளவு உண்மையைச் சொல்லியிருப்பார்? 'எங்கள் எசமானர் நல்லவர்' என்ற வகையில் வரும் கூற்றைப் படிக்கும்போது, பேசியவர் யார், கேட்டவர் யார், எப்போது, யாருக்கு அஞ்சி என்ற நான்கு கேள்விகளைப் பிள்ளை கேட்கப் பழக வேண்டும். அதே நான்கு கேள்விகளைப் பாடநூலிடமும் கேட்கலாம். இப்பயிற்சி கைவந்துவிட்டால் பிற்காலத்தில் எந்த நூலும் அப்பிள்ளையை எளிதில் ஏமாற்ற இயலாது.

துயரத்தை மட்டுமே அடுக்கும் பாடம் பிள்ளையின் தலையைக் குனியவைத்துவிடும். ஆகவே மறுகட்டமைப்புக் காலத்துக்கு நிறைய வாரங்களை ஒதுக்குவது பயனுள்ளது. 1865, 1868, 1870 ஆகிய ஆண்டுகளின் மூன்று அரசமைப்புத் திருத்தங்கள், 1870-இல் மிசிசிப்பியிலிருந்து மேலவைக்குச் சென்ற முதல் கறுப்பின உறுப்பினர் ஹைரம் ரெவல்ஸ், விடுதலை பெற்றோர் தாமே எழுப்பிய பள்ளிகள், 1877-க்குப் பின் இவையெல்லாம் வன்முறையாலும் சட்டத்தாலும் பறிக்கப்பட்ட விதம் எனப் பல பாடங்கள் இதனுள் அடங்கும். குடும்ப வரலாறும் இத்துடன் இணையும். 1910-க்கும் 1970-க்கும் இடையே ஏறத்தாழ 60 இலட்சம் கறுப்பின மக்கள் தெற்கிலிருந்து வடக்கிற்கும் மேற்கிற்கும் இடம்பெயர்ந்தனர். தன் பாட்டி ஏன் அந்த ஊரை விட்டு வந்தார் எனக் கேட்டு எழுதும் பிள்ளை, அப்பெரும் இடப்பெயர்வின் ஒரு பக்கத்தைத் தானே எழுதுகிறது.

இதன் வரம்பும் தெளிவானது. பகலில் ஒருவராவது வீட்டிலிருக்க வேண்டும். இரு வேலை பார்க்கும் தாய்க்கு இது எட்டாது. சில குடும்பங்கள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வரலாறும் மற்றொருவர் கணிதமும் நடத்திச் சமாளிக்கின்றன. அப்போதும் பெரும்பான்மைக் கறுப்பினப் பிள்ளைகள் படிப்பது அரசுப் பள்ளியில்தான். அங்குள்ள பாடநூலைத் திருத்தும் போராட்டத்துக்கு வீட்டு வகுப்பு ஈடாகாது.

நம் பாடநூல்களின் நிலை

கறுப்பின மக்களின் வரலாற்றை நம் முன்னோர் தொலைவில் நின்று பார்க்கவில்லை. 1873-இல் ஜோதிராவ் புலே வெளியிட்ட 'குலாம்கிரி' நூல், அடிமை ஒழிப்புக்குப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. 1946-இல் அண்ணல் அம்பேத்கர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த மனுவின் படியைக் கேட்டார். இரு மக்களின் நிலைக்கும் உள்ள ஒப்புமையையும் சுட்டினார். டு பாய்ஸ் தம் பதிலில் ஆதரவைத் தெரிவித்தார்.

பாடநூல் போராட்டமும் நம்மைத் தொடர்ந்து அமெரிக்கா வரை சென்றிருக்கிறது. 2005-06-இல் கலிபோர்னியாவின் ஆறாம் வகுப்பு வரலாற்று நூல்களில், சாதி, தீண்டாமை, பெண்களின் நிலை குறித்த பகுதிகளை மென்மைப்படுத்தும் திருத்தங்களைச் சில இந்து அமைப்புகள் முன்வைத்தன. தலித் அமைப்புகளும் வரலாற்றறிஞர்களும் எதிர்த்துச் சாட்சியமளித்தனர். சர்ச்சைக்குரிய திருத்தங்களில் பெரும்பாலானவற்றை மாநிலக் கல்வி வாரியம் ஏற்கவில்லை. 2016-இல் பாடத்திட்டம் புதுப்பிக்கப்பட்டபோது அதே மோதல் மீண்டும் எழுந்தது. 'அடிமை'யைத் 'தொழிலாளி' ஆக்குவதும் 'தீண்டாமை'யை 'வேலைப் பிரிவினை' ஆக்குவதும் ஒரே கைவேலை.

இந்தியாவிலும் நிலை மாறுபட்டதன்று. ஒன்பதாம் வகுப்பு நூலில் தோள்சீலைப் போராட்டத்தைச் சொன்ன 'சாதி மோதலும் உடை மாற்றமும்' என்ற பகுதியை 2017 தேர்வுக்கு உரியதல்ல என மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2016 இறுதியில் அறிவித்தது. அப்பகுதியின் சில விவரிப்புகள் குறித்து எதிர்ப்பு எழுந்ததும் உண்மை. பிழையிருந்தால் திருத்தியிருக்கலாம். ஆனால் 2019-இல் உடையின் சமூக வரலாற்றைக் கூறும் அந்த அதிகாரமே நூலிலிருந்து நீக்கப்பட்டது. 2022-இல் பாடச் சுமையைக் குறைப்பது என்ற பெயரில், தலித் சிறுத்தைகள் இயக்கத்தைச் சொன்ன பன்னிரண்டாம் வகுப்பு அதிகாரமும் போயிற்று.

120 மணி நேரம்

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்துங்கள் என்பது நம் வாதம் அன்று. பள்ளிக்கூட வாசலே மறுக்கப்பட்ட மக்களுக்கு அரசுப் பள்ளி, மதிய உணவு, விடுதி, கல்வி உதவித்தொகை ஆகியவை போராடிப் பெற்ற உரிமைகள். அவற்றைக் கைவிடுவது நம்மை விலக்கிவைத்தவர்களுக்கே வசதியாகும். கறுப்பினக் குடும்பங்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்களின் கற்பிக்கும் முறையை மட்டுமே.

அதற்கு வீட்டில் ஒருவர் முழுநேரமும் இருக்கத் தேவையில்லை. சேரியின் இரவுப் பாடசாலையோ, அம்பேத்கர் படிப்பகமோ, புலம்பெயர்ந்த நாட்டில் நான்கைந்து குடும்பங்கள் கூடும் ஒரு வரவேற்பறையோ போதும். சனிக்கிழமைதோறும் மூன்று மணி நேரம், 40 வாரங்கள் எனக் கணக்கிட்டால் 120 மணி நேரம். அமெரிக்க உயர்நிலைப் பள்ளியின் ஓராண்டு வரலாற்றுப் பாடத்துக்குரிய அதே அளவு.

நம்மிடம் மூலங்களுக்கும் பஞ்சமில்லை. அம்பேத்கர் தமக்கு நேர்ந்த தீண்டாமைக் கொடுமைகளை எழுதிய 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்னும் சிறு படைப்பு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு எளிதில் புரியும். சிறுவனாகக் கோரேகான் சென்றபோது, சாதி தெரிந்ததும் வண்டிக்காரர்கள் ஏற்ற மறுக்க, இரட்டைக் கூலி கொடுத்துத் தாங்களே வண்டியோட்டிச் சென்ற நிகழ்வு அதில் உள்ளது. 1939-இல் வெளிவந்த இரட்டைமலை சீனிவாசனின் 'ஜீவிய சரித்திர சுருக்கம்', சாதி வெளிப்பட்டுவிடுமோ என அஞ்சிச் சக மாணவரிடமிருந்து விலகியிருந்த அவருடைய பள்ளி நாட்களைச் சொல்கிறது. 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கியவரும் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்தவரும் அதே மாணவர்தான். அயோத்திதாசர் 1907-இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழின் எழுத்துகள் தொகுக்கப்பட்டு அச்சில் உள்ளன. ஊரின் பஞ்சமி நிலம் யார் கையில் உள்ளது என்பதை வருவாய்த்துறை ஆவணங்களில் தேடுவது ஒரு வாரத்துப் பாடமாகலாம்.

நான்கு கேள்விகளைப் பழக்க வெண்மணியைவிடப் பொருத்தமான பாடம் அரிது. 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். உயிர் தப்பியோரின் சாட்சியத்தையும், நிலவுடைமையாளர்களை விடுவித்த உயர் நீதிமன்றத் தீர்ப்பையும் அருகருகே வைத்துப் படிக்கட்டும். பேசியவர் யார், கேட்டவர் யார், எப்போது, யாருக்கு அஞ்சி? பிள்ளைகளே எழுதிப் பார்க்கட்டும். ஆண்டிறுதியில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டு மூத்தவர் ஒருவரின் வாழ்வைக் கேட்டு எழுதினால், அடுத்த ஆண்டு வகுப்புக்கான மூலநூல் ஒன்று அங்கேயே உருவாகிவிடும்.

பாடநூலிலிருந்து நீக்கப்பட்ட பக்கங்களைத் திரும்பச் சேர்க்கக் கோரும் போராட்டம் தொடர வேண்டும். அது முடியும்வரை பிள்ளைகளின் வயது காத்திருக்காது. இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைக்கு முதல் சனிக்கிழமை வகுப்பை இந்த ஆண்டே தொடங்குவோம்.